காணாமல் போனவர் நேரில் ஆஜர்

மோனிஷா காணாமல் போன செய்தி மோனிஷாவுக்கே தெரியவந்தது ஒரு திங்கட்கிழமை காலையில், அரக்கோணம் ரயில் நிலையத்தின் மூன்றாவது நடைமேடையில். தூணில் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். கல்லூரி அடையாள அட்டைக்கு எடுத்த பழைய படம். வயது இருபத்து நான்கு, மாநிறம், கடைசியாக அணிந்திருந்தது பச்சைச் சுடிதார். அன்றைக்கும் அவள் அதே பச்சைச் சுடிதாரில்தான் இருந்தாள். பக்கத்தில் கீரைக் கூடையோடு நின்றிருந்த அம்மாள் சுவரொட்டியைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். "உன்ன மாதிரியே கீதும்மா. மூக்கு மட்டும் கொஞ்சம் வேற" என்றாள்.

அன்று மோனிஷாவும் கூட வந்திருந்த கனிமொழியும் வேலைக்குப் போகவில்லை. அடுத்த ரயிலில் திருத்தணிக்கு வந்து, நீதிமன்றத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த வக்கீல் சந்திராவின் அறைக்குப் படியேறினார்கள்.

சந்திரா அந்த ஊரில் இருபத்திரண்டு வருடமாக வக்கீல். பாகப்பிரிவினை, ஜீவனாம்சம் என்று நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தவள், ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு திருநங்கைக்கு வாடகை வீடு மறுக்கப்பட்ட வழக்கை எடுத்து ஜெயித்துவிட்டாள். அதன்பிறகு சுற்றுவட்டாரத்தில் யாரையாவது அவர்கள் யார் என்பதற்காக வீட்டைவிட்டோ வேலையைவிட்டோ துரத்தினால், துரத்தப்பட்டவர்கள் நேராக அவளுடைய படியில் வந்து நின்றார்கள். சக வக்கீல்கள் அவளைச் 'சமத்துவம் மேடம்' என்று கூப்பிட்டார்கள். அவள் காதுபடவே கூப்பிட்டார்கள், அதனால் அதை அவள் மரியாதை என்று எடுத்துக்கொண்டாள்.

விஷயம் சின்னதுதான். மோனிஷாவும் கனிமொழியும் எட்டு மாதமாக அரக்கோணத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஒன்றாக வாழ்கிறார்கள். கனிமொழி ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். மோனிஷாவுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. மோனிஷாவின் அப்பா முருகவேலுக்கு அம்மையார்குப்பத்தில் ஆறு விசைத்தறி. போன மாதம் வரை அவர் வாரம் தவறாமல் மகளிடம் போனில் பேசினார். அப்புறம் மோனிஷாவின் சித்தப்பா எல்லப்பன் கையில் இவர்கள் இருவரும் சேர்ந்திருந்த ஒரு படம் சிக்கியது. அன்றிலிருந்து அப்பா போனை எடுக்கவில்லை. இப்போது சுவரொட்டி. புகார்தாரர் என்று அப்பாவின் பெயர். தொடர்புக்குச் சித்தப்பாவின் எண்.

"நான் காணாம போகலன்னு சொல்லணும். அவ்ளோதான மேடம்?" என்றாள் மோனிஷா.

"அவ்ளோதான். நீ மேஜர். இந்த மாதிரி கேஸ்ல வாக்குமூலம் வாங்கிகினு கோப்பை முடிச்சிடணும்னு ஹைகோர்ட்டே சொல்லியிருக்கு. வா, அரை மணி நேர வேலை."

இருபத்திரண்டு வருடத் தொழிலில் சந்திரா இதைவிடப் பெரிய தப்பை வாய்விட்டுச் சொன்னதில்லை.

சுவரொட்டியின் அடியில் இருந்த முகவரி, வட்டக் குடும்ப மீட்பு மற்றும் நல்லிணக்க மையம், பைபாஸ் சாலை. காணாமல் போனவர்களில் யாருக்கெல்லாம் வீட்டோடு மனவருத்தம் உண்டோ, அவர்கள் கோப்பெல்லாம் மூன்று வருடமாக இங்கேதான் வருகிறது. புதுக் கட்டடம் கிடைக்கும்வரை மையம் ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் இயங்கிவந்தது. வாசல் வளைவில் 'நல்வரவு' அப்படியே இருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் பீரோக்களை அடுக்கியிருந்தார்கள். மேடைக்கு இடதுபுறக் கதவில் 'மணமகள் அறை' என்ற பலகையும் அப்படியே இருந்தது. வெளியே புதிதாக ஒரு தாழ்ப்பாள் மட்டும் போட்டிருந்தார்கள்.

முகப்பில் எழுத்தர் டில்லிபாபு உட்கார்ந்திருந்தான். "யாரைக் காணோம்?" என்றான்.

"யாரையும் காணாம இல்ல. இவங்கதான் மோனிஷா. இதோ ஆதார். வாக்குமூலம் எழுதிகினு கோப்பை முடிங்க."

டில்லிபாபு மோனிஷாவைப் பார்த்தான். பதிவேட்டைப் பார்த்தான். அவன் முகத்தில் உண்மையான சங்கடம் தெரிந்தது. "காணாம போனவங்க அவங்களா வரக்கூடாதுங்க மேடம். கண்டெடுத்தவங்கதான் இட்டுகினு வரணும். அவங்களா வந்தா இதுல எங்க எழுதறது?"

படிவத்தை நீட்டினான். கண்டெடுத்தவர் பெயர். கண்டெடுத்த இடம். கண்டெடுத்தபோது நிலை: முழுமை அல்லது சேதம். அதற்குக் கீழே கொம்பு விவரம் என்று ஒரு கட்டம் இருந்தது.

"இது இன்னா படிவம்?"

"தெருவுல திரியற ஆடு மாட்டுக்கு அடிச்சதுங்க. அந்தப் பிரிவை மூடிட்டாங்க. பத்தாயிரம் படிவம் மிச்சம் கீது. கொம்பை நீங்களே அடிச்சிடுங்க."

வாதாடிப் பொழுதைப் போக்குவதைவிட எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று சந்திரா நினைத்தாள். கண்டெடுத்தவர் சந்திரா, பி.ஏ., பி.எல். இடம், ஜெராக்ஸ் கடை மாடி. நிலை, முழுமை. கொம்பை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

டில்லிபாபு கனிமொழி பக்கம் திரும்பினான். "நீங்க யாரு?"

"நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து வாழறோம்."

"உறவு?"

"அதான் சொன்னேனே."

அவன் உறவுக் கட்டத்தை விரலால் தடவிப் பார்த்தான். அப்பா, அம்மா, கணவர், அண்ணன், தம்பி, சித்தப்பா, தாய்மாமன் என்று வரிசையாக அச்சடித்திருந்தது. "நீங்க இதுல இல்லிங்க" என்றான் வருத்தத்தோடு. ஆனாலும் வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல் அடுத்த கட்டத்தில் எழுதிக்கொண்டான். சந்திரா தலைகீழாக அதைப் படித்தாள். 'உடன் இருந்த பொருட்கள்: கைப்பை ஒன்று, கைபேசி ஒன்று, கனிமொழி ஒன்று.'

நல்லிணக்க அலுவலர் தணிகைமணி மேடைமேல் உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்குப் போடும் சிவப்பு வெல்வெட் நாற்காலி இரண்டு. மாப்பிள்ளை நாற்காலியில் அவர், பெண் நாற்காலியில் கோப்புகள். நெற்றியில் விபூதி, மெல்லிய குரல், எழுந்து நின்று கும்பிடும் பணிவு. மூன்று பேருக்கும் மோர் கொண்டுவரச் சொன்னார்.

"ஹைகோர்ட் உத்தரவு உங்களுக்குத் தெரியுமா சார்?" என்றாள் சந்திரா.

"என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க!" தணிகைமணி சுவரைக் காட்டினார். உத்தரவின் முதல் பக்கம் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. நாலு மூலையிலும் சந்தனம், குங்குமம், மேலே ஒரு முழம் மல்லி. "தினமும் பூ மாத்தறோம். வெள்ளிக்கிழமை கற்பூரம்."

"உள்ளே என்ன சொல்லியிருக்குன்னு படிச்சீங்களா?"

"கண்ணாடி போட்டாச்சுங்க. இனிமே பக்கத்தைத் திருப்ப முடியாது."

அவர் கேலி செய்யவில்லை. பதினைந்து வகை அதிகாரிகளிடம் சந்திரா கத்தியிருக்கிறாள். இவரிடம் கத்துவதற்குப் பிடி கிடைக்கவில்லை.

"இந்தப் பொண்ணு தன்பாலீர்ப்பு உள்ளவங்க. இவங்க விருப்பத்தோட இன்னொருத்தர் கூட வாழறாங்க. ரெண்டு பேரும் மேஜர். இதுல மீட்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

"அந்த வார்த்தையை நாங்க எழுதறதில்லை மேடம். பொம்பளைப் புள்ளைங்க விஷயம், அசிங்கமாகிடும். 'தோழமை மிகுதி'ன்னு எழுதறோம். அதுவும் சரியாகிடுது. மூணு வருஷத்துல முன்னூத்திப் பன்னிரண்டு பேரைக் குடும்பத்துகிட்ட ஒப்படைச்சிருக்கோம். ஒப்படைச்ச பிறகு ஒருத்தர்கூட எங்க மேல புகார் கொடுத்ததில்லை. மாவட்டத்துலயே நாங்கதான் முதல்."

"புகார் கொடுக்க அவங்க வெளியே வர முடிஞ்சுதா?"

"அது எங்க பிரிவு இல்லிங்க. ஒப்படைக்கிறதோட எங்க பொறுப்பு முடிஞ்சுது." அவர் மோனிஷாவைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "பாப்பா சுதந்திரமா யோசிச்சு முடிவெடுக்கணும். பக்கத்துல தோழி இருந்தா அது சுதந்திரம் இல்லை. வக்கீல் இருந்தா சட்டம் கலந்துடும். போன் இருந்தா கேக்கவே வேணாம். உள்ளே மூணு நாள் தனியா இருக்கட்டும். வியாழக்கிழமை கேட்போம். வீட்டுக்குப் போறேன்னா சுதந்திரமா யோசிச்சிட்டாங்கன்னு அர்த்தம்."

"போகலன்னா?"

"இன்னும் சுதந்திரம் வரலைன்னு அர்த்தம். இன்னொரு மூணு நாள் கொடுப்போம்."

"சார், அவங்க மேஜர்!"

"யார் இல்லேன்னா? மேஜர்ங்கறதாலதான் யோசிக்க நேரம் கொடுக்கறோம். மைனரா இருந்தா இன்னிக்கே அனுப்பிடுவோமே."

காக்கிப் புடவை கட்டிய இரண்டு பெண்கள் எப்போது வந்தார்கள் என்று தெரியவில்லை. மோனிஷாவின் இரண்டு பக்கமும் நின்றார்கள். கனிமொழி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்திரா சட்டப்பிரிவுகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள், தணிகைமணி ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார், அந்தப் பெண்கள் அதற்குள் ஒவ்வொரு விரலாகக் கையைப் பிரித்துவிட்டார்கள்.

"நீ போ கனி. நாளைக்கு உனக்குக் காலை டியூட்டி" என்றாள் மோனிஷா. மணமகள் அறைக் கதவு மூடியது. தாழ்ப்பாள் விழும் சத்தம் காலி மண்டபத்தில் பெரிதாகக் கேட்டது.

வெளியே வரும்போது டில்லிபாபு சந்திராவிடம் ஒரு பழுப்பு அட்டையைக் கொடுத்தான். 'காணாமல் போன நபரைக் கண்டெடுத்து மையத்தில் சேர்ப்பித்த தங்கள் சமூக உணர்வுக்கு நன்றி.' பெயர் சரியாக எழுதியிருந்தது, பி.ஏ., பி.எல். உட்பட. கட்சிக்காரியைத் தன் கையாலேயே கூட்டிக்கொண்டு வந்து கொடுத்திருக்கிறோம் என்பது அதைப் படித்தபோதுதான் சந்திராவுக்கு முழுதாக உறைத்தது. ஆட்டோவில் கனிமொழி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

செவ்வாய்க்கிழமை முதல் ரயிலில் சந்திரா சென்னைக்குப் போய் ஆட்கொணர்வு மனு போட்டாள். வெள்ளிக்கிழமை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஒப்படைப்போ வியாழக்கிழமை. அந்த ஒரு நாளை எப்படிக் கடப்பது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. புகார் கொடுத்தவர் திரும்பப் பெற்றால் எல்லாம் முடியும் என்று தோன்ற, புதன்கிழமை காலை அம்மையார்குப்பத்துக்குப் பேருந்து ஏறினாள்.

முருகவேல் தறியை நிறுத்தவில்லை. அறுந்த இழையை முடிந்துகொண்டே, "என் பொண்ணு வூட்டுக்கு வரணும். வேற ஒண்ணும் வேணாங்க" என்றார். ஐம்பத்தைந்து வயது, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருமை.

"வந்த அப்புறம் இன்னா பண்ணுவீங்க?"

முருகவேல் வாயைத் திறந்தார். பதில் வாசலிலிருந்து வந்தது. தம்பி எல்லப்பன் கதவுச் சட்டத்தில் சாய்ந்து நின்றிருந்தான். "அத நாங்க பாத்துக்கறோம் வக்கீலம்மா. எங்க வூட்டு மானம், எங்களுக்குத் தெரியும்."

முருகவேல் இழையை விட்டுவிட்டுத் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு மறுபடி குனிந்துகொண்டார். தறிச் சத்தத்தில் அதற்குமேல் பேசவும் முடியவில்லை.

மதியம் திருத்தணிக்குத் திரும்பியபோது கனிமொழி மண்டபத்துக்கு எதிரே புளியமரத்தடியில் நின்றிருந்தாள். இரவுப் பணிக்கு மாற்றிக்கொண்டு பகலெல்லாம் அங்கேதான் நிற்கிறாள். "கேளுங்க மேடம்" என்றாள்.

கல்யாணத்துக்குக் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி இன்னும் கூரையில் இருந்தது. உள்ளே யாரோ ஒலிவாங்கியை அணைக்க மறந்திருந்தார்கள், அல்லது மறக்கவில்லை. பெண் குரல்கள் சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தன. "நான் வீட்டுக்குப் போக விரும்புகிறேன். இதை யாருடைய தூண்டுதலும் இல்லாமல் சொல்கிறேன்." ஒரு இடைவெளி. காக்கிப் புடவைக்காரியின் குரல், "இன்னொரு தபா." மறுபடி, "நான் வீட்டுக்குப் போக விரும்புகிறேன்." சாலையில் பால் வண்டி போனது. பேருந்துக்கு நின்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நேத்து அஞ்சு குரல்தான் மேடம்" என்றாள் கனிமொழி. "இன்னிக்கு ஆறு."

வியாழக்கிழமை ஒப்படைப்பு, காலை பத்தே முக்காலுக்குமேல் பதினொன்றே முக்காலுக்குள். மையம் நல்ல நேரம் பார்க்காமல் யாரையும் ஒப்படைத்ததில்லை. ஒலிநாடாவில் நாதஸ்வரம் போட்டார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், அதன்மேல் மூன்று பிரதியாகப் பற்றுச்சீட்டு. முன்வரிசையில் முருகவேலும் எல்லப்பனும். எல்லப்பன் வெள்ளை வேட்டியைச் சலவை செய்து கட்டியிருந்தான். கண்டெடுத்தவர் என்ற முறையில் சந்திராவுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். பொருட்கள் பட்டியலில் இருந்ததால் கனிமொழியையும் உள்ளே விட்டார்கள். கைப்பையோடு மேடையோரம் நிற்கவேண்டும் என்றான் டில்லிபாபு.

மணமகள் அறை திறந்தது. மோனிஷாவுக்குத் தலைவாரிப் பூ வைத்து, யாருடையதோ அரக்குப் புடவை கட்டியிருந்தார்கள். நடந்து வந்தாள். அப்பாவைப் பார்த்தாள், கனிமொழியைப் பார்த்தாள், பார்த்ததாகவே தெரியவில்லை. நிறுத்திய இடத்தில் நின்று யாரும் கேட்பதற்குமுன்பே, "நான் வீட்டுக்குப் போக விரும்புகிறேன். இதை யாருடைய தூண்டுதலும் இல்லாமல் சொல்கிறேன்" என்றாள். சொல்லிவிட்டு, இன்னொரு முறை சொல்லவேண்டுமா என்று காக்கிப் புடவைக்காரியைப் பார்த்தாள்.

சந்திரா எழுந்தாள். "நாளைக்கு ஹைகோர்ட்ல மனு வருது. இன்னிக்கு ஒப்படைக்கக் கூடாது."

"நாளைக்கு முகூர்த்தம் இல்லை மேடம்" என்றார் தணிகைமணி கனிவாக. ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"குடும்பம்ங்கறது ஒரு கோயில். சாமி கோயிலை விட்டு வெளியே போனா என்ன பண்ணுவோம்? தேடிப்பிடிச்சு உள்ளே வைப்போம். பூட்டுவோம். சாமிகிட்ட இஷ்டமான்னு கேப்போமா? அந்த மாதிரிதான் இந்தச் சேவை. பெத்தவங்களுக்கு ஒரு பயம் இருக்கும், மறுபடி ஓடிட்டா என்ன பண்றதுன்னு. கவலையே வேணாம். பெரியவர் முருகவேல் ஐயா அம்மையார்குப்பம். அதே ஊர்ல இருநூத்தி எட்டாவது கேஸ், அம்முன்னு ஒரு பொண்ணு. இதே தோழமை மிகுதிதான். ரெண்டு தடவை ஓடிப்போன பொண்ணு. இதே மேடையில ஒப்படைச்சோம். மூணே மாசம்! அதுக்கப்புறம் ஓடல, ஒரு மனு இல்லை, ஒரு போன் இல்லை. எங்க சேவையிலயே முழுசா முடிஞ்ச கேஸ்னா அதுதான்."

எல்லப்பன் கை தட்டினான். அவன் தட்டியது மட்டும்தான் கேட்டது.

முருகவேல் மெதுவாக எழுந்தார். "எங்க தேசப்பன் பொண்ணு அம்முவா சார்?"

"ஆங், தேசப்பன். அவரேதான்."

"அது செத்துப்போச்சுங்களே."

தணிகைமணி டில்லிபாபுவைப் பார்த்தார். டில்லிபாபு பதிவேட்டைப் புரட்டினான். "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்னு அவங்கப்பா கையெழுத்து கீதுங்க சார். மத்தது தேதிக்கு அப்பால."

"தேதிக்கு அப்புறம் நடந்தது எங்க கணக்குல வராதுங்க" என்றார் தணிகைமணி.

"நான் காரியத்துக்குப் போயிருந்தேன்" என்றார் முருகவேல். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. "வயித்து வலின்னு சொன்னாங்கோ. தேசப்பன் வாயே தொறக்கல. அவன் தம்பிங்கதான் வந்தவங்களுக்குப் பதில் சொல்லிகினு இருந்தானுங்க."

"அண்ணே, அதெல்லாம் இன்னாத்துக்கு இப்ப" என்று எல்லப்பன் அவர் முழங்கையைப் பிடித்தான். "கையெழுத்தப் போடு. மத்தத வூட்ல வச்சிப் பாத்துக்கலாம்."

முருகவேல் தன் முழங்கையில் இருந்த கையைப் பார்த்தார். தாம்பாளத்தில் இருந்த பற்றுச்சீட்டைப் பார்த்தார். 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.' பிறகு மேடையேறி மகளுக்கு எதிரில் நின்றார். துணியில் குறை பார்ப்பவர்போல அவள் முகத்தை நெடுநேரம் பார்த்தார். தன் எதிரில் நிற்பது யார் என்று மோனிஷாவின் கண்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

முருகவேல் திரும்பினார். "இது என் பொண்ணு இல்லிங்க" என்றார்.

நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"அண்ணே! பைத்தியம் கியித்தியம் புடிச்சிக்கிச்சா? நம்ம மோனிஷாண்ணே!"

"எம் பொண்ணு எனக்குத் தெரியாதா? மூக்கு வேற மாரி கீது. இது வேற யாரோ."

தணிகைமணியின் முகத்தில் முதல் முறையாகப் பணிவு விலகியது. உள்ளே என்ன இருந்தது என்பதைச் சந்திரா பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. "ஐயா, யோசிச்சுப் பேசுங்க. ஆதார் இருக்கு" என்றார் அவர்.

"அப்ப ஆதாரைக் கொடுங்க, இட்டுகினு போறேன்."

"நான் சித்தப்பன் சொல்றேன், இது எங்க பொண்ணுதான்!" என்று எல்லப்பன் கத்தினான்.

"புகார்தாரர் நீங்களாங்க?" என்று டில்லிபாபு கேட்டான். அவனுக்கு யார்மேலும் விரோதமில்லை, பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தான். "புகார்தாரர் முருகவேல். அவர் மறுத்துட்டா விதி பதினொண்ணு சார். 'தவறான பொருள்'னு எழுதி, கண்டெடுத்தவங்ககிட்டயே திருப்பிக் கொடுத்துடணும். அன்னிக்கே."

விதி என்ற சொல்லைக் கேட்டதும் தணிகைமணி கைகட்டிக்கொண்டார். அந்த மண்டபத்தில் விதிக்கு மேலானவர் யாரும் இல்லை.

சந்திரா கையெழுத்துப் போட்டாள். தவறான பொருள் ஒன்று, முழுமை. கைப்பை ஒன்று, கைபேசி ஒன்று, கனிமொழி ஒன்று. மோனிஷாவை ஒரு பக்கம் அவளும் மறுபக்கம் கனிமொழியும் பிடித்துக்கொண்டு மேடையிறங்கினார்கள். வாசலை அடைய, கீழே இறங்கி நின்றிருந்த முருகவேலைத் தாண்டித்தான் போகவேண்டும். மோனிஷாவின் வாய் 'நைனா' என்று கூப்பிடத் திறந்தது. சந்திரா அவள் மணிக்கட்டை நகம் பதிய அழுத்தினாள். பின்னால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முருகவேல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "யாரு பெத்த பொண்ணோ தெரில. எங்கியாவது நல்லா இரும்மா."

"சரிங்க ஐயா" என்றாள் மோனிஷா.

வெள்ளிக்கிழமை மனு எடுக்கப்பட்டது. மையத்தின் வக்கீல் எழுந்து, தங்களிடம் இருந்தது மோனிஷாவே அல்ல என்று புகார்தாரர் வாக்குமூலத்தோடு நிரூபித்தார். யாரும் அடைத்துவைக்கப்படாததால் மனு முடித்துவைக்கப்பட்டது. மோனிஷாவைக் கூண்டில் ஏற்றி 'இவள்தான்' என்று சொன்னால் முருகவேல் பொய் சொன்னவர் ஆவார், கோப்பும் அவளும் மறுபடி மண்டபத்துக்குப் போவார்கள். சந்திரா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சமத்துவத்துக்காக வாதாடும் வக்கீல் தன் கட்சிக்காரி யாரோ ஒருத்தி என்பதில் எதிர்த்தரப்போடு உடன்பட்ட வழக்கு அது ஒன்றுதான். அந்த வாரமே இருவரும் அரக்கோணத்தைக் காலி செய்துவிட்டு ஆந்திர எல்லை தாண்டி நகரிக்குப் போனார்கள். கனிமொழிக்கு அங்கே ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. தெருப் பெயர் சந்திராவுக்கு மட்டும் தெரியும்.

மோனிஷா இன்னும் கிடைக்காததால் சுவரொட்டிகளைப் புதிதாக அச்சடித்தார்கள், இந்த முறை பெரிய படம். புகார்தாரர் திங்கள்தோறும் மையத்துக்கு வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்பது விதி. முருகவேல் வந்தார். முதல் பேருந்தில் வந்து, மண்டபத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, "தேடிகினு இருக்கோம்" என்று டில்லிபாபு சொன்னதும் "நல்லா தேடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். கோப்பை முடிக்கச் சொல்லி மனுமேல் மனு போட்டுக்கொண்டிருந்த சந்திராவும் பல திங்கட்கிழமை அந்தப் பெஞ்சில் இருந்தாள். அவர் ஒருநாளும் மகளைப் பற்றிக் கேட்டதில்லை. ஒருமுறை மட்டும், யாரிடமோ போல, "நல்லா துன்னுதா?" என்றார். "ம்" என்றாள் சந்திரா.

ஆவணி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை தணிகைமணி தானாகவே மேடையிறங்கி வந்து முருகவேல் பக்கத்தில் உட்கார்ந்தார். தோளில் கை வைத்தார்.

"இனிமே நீங்க அலைய வேணாம் ஐயா. வயசான காலம். உங்க தம்பி புதுசா ஒரு புகார் கொடுத்திருக்கார். உங்க கோப்பை அதோட சேர்த்துட்டோம். அடையாளம் காட்டறது, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறது எல்லாம் இனி அவரே பாத்துப்பார்." குரலைத் தாழ்த்தினார், நல்ல செய்தி சொல்பவர் போல. "நகரியில ஒரு நர்ஸம்மாவோட ஒரு பொண்ணு இருக்கறதா தகவல். நெருங்கிட்டோம்."

"நகரி உங்க எல்லையே இல்ல" என்றாள் சந்திரா.

"தேடறதுக்குத்தான் மேடம் எல்லை. அழைச்சிகினு வர்றதுக்கு இல்லை."

முருகவேல் எழுந்து வெளியே நடந்தார். சந்திரா பின்னால் ஓடினாள். மண்டபத்து ஜீப் நிற்கும் இடம் காலியாக இருந்தது. பேருந்து நிலையத்தில் நகரி வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது, ஓடி ஏறினார்கள். உட்கார்ந்ததும் முருகவேல் முதல் முறையாக அவளிடம் கையை நீட்டினார். சந்திரா எண்ணைப் போட்டுத் தன் போனை அந்தக் கையில் வைத்தாள்.

"நைனா பேசறேம்மா" என்றார். அந்தப் பக்கம் அழுகைபோல ஏதோ கேட்டது. "அழுவாத. கதவ உள்பக்கம் தாப்பா போட்டுக்க. யார் கூப்டாலும் தொறக்காத. நான் குரல் கொடுத்தா மட்டும் தொற. வந்துகினே இருக்கேன்."

பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. சந்திரா திரும்பிப் பார்த்தாள். மையத்தின் ஜீப், அம்மையார்குப்பம் போய் ஆளை ஏற்றிக்கொண்டு வந்திருந்தது. முன் இருக்கையில் சலவை வேட்டியில் எல்லப்பன், பின்னால் காக்கிப் புடவைகள். அரசாங்க வண்டி என்பதால் பேருந்து ஓட்டுநர் மரியாதையாக இடப்பக்கம் ஒதுங்கி, கையைக் காட்டி, அதற்கு வழிவிட்டார்.